எட்டும் நாலும் முப்பத்திரண்டு

எட்டும் நாலும் பன்னிரண்டு என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் முப்பத்திரண்டு என்று நாலாம் பாரம், அதாவது இன்றைய ஒன்பதாம் வகுப்பு, முழுவதும் ஒரே குரலில் சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன். கேள்வி கேட்டவர் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர். அந்த வகுப்புக்குக் கணக்கு வாத்தியார் நான்.

புதிதாக வேலையில் சேரும் இளம் ஆசிரியர்கள் சிலர் என்னைப் பார்க்க வருவதுண்டு. அடுக்குக்குறி விதிகளை எப்படி நடத்துவது என்று கேட்பார்கள். எங்கள் நாளில் அந்தப் பாடத்துக்கு ‘இண்டிசஸ்’ என்று பெயர். அடுக்குக்குறியைப் ‘பவர்’ என்போம், அடியில் இருக்கும் எண்ணைப் ‘பேஸ்’ என்போம். பெயர் மாறினாலும் பிள்ளைகள் செய்யும் தப்பு மாறவில்லை என்பதால், நடந்ததை எழுதி வைக்கிறேன்.

சேர்ந்த கதை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் காஞ்சிபுரத்து ஹைஸ்கூல் ஒன்றில் ஆக்டிங் வாத்தியாராகச் சேர்ந்தேன். லீவில் போயிருந்தவர் திரும்பி வரமாட்டார் என்று தெரிந்திருந்தது. இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து நல்ல ரிமார்க் எழுதினால் அந்த இடம் எனக்கு நிரந்தரம். எழுதாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வீடு பெரிய காஞ்சிபுரத்து நெசவாளர் தெருவில். தறியில் உட்காரலாமே என்று கேட்பீர்கள். குறுக்கு நூல் ஓட்டும் நாடாவை நான் எறிந்ததும் இழை அறுந்த வேகத்தைப் பார்த்துத்தான் அப்பா என்னைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பினார்.

ஹெட்மாஸ்டர் சின்ன காஞ்சிபுரத்துக்காரர், வைஷ்ணவர். கறுப்புக் கோட்டு, தலைப்பாகை, கோட்டுக்கு மேல் கஞ்சி போட்டு விசிறி போல மடித்த அங்கவஸ்திரம். ஆடி மாதக் காற்றிலும் அந்த மடிப்பு கலைந்து யாரும் பார்த்ததில்லை. மனுஷர் சிரித்தும் யாரும் பார்த்ததில்லை.

அவர் வீட்டில் பிரபந்தம் கற்றுக்கொள்வது சந்தை முறையில். குரு ஒரு தரம் சொல்வார், சீடர்கள் இரண்டு தரம் சொல்வார்கள், இரண்டாம் தரம் இன்னும் உரக்க. ஆயிரக்கணக்கான பாசுரங்கள் அப்படித்தான் மனத்தில் ஏறின. இண்டிசஸையும் அப்படியே ஏற்றிவிடலாம் என்பது அவர் நம்பிக்கை. முதலில் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டுப் பிறகு விதியைச் சொல்லலாமா என்று நான் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன்.

“மொதல்ல வாய்க்கு வரட்டும், ஓய். வாய்க்கு வந்தது தானா புத்திக்கு வரும்” என்றார்.

ஆக்டிங் வாத்தியாருக்கு அதற்கு மேல் பேச வாய் ஏது? நான் சொன்னேன், பிள்ளைகள் சொன்னார்கள்: பேஸ் ஒன்றேயானால், பெருக்கும்போது பவரைக் கூட்டு, வகுக்கும்போது பவரைக் கழி. வைஷ்ணவ வீட்டுப் பிள்ளைகள் ராகம் எடுத்துக் கொடுக்க, எங்கள் தெருப் பிள்ளைகள் பின்பாட்டுப் பாட, சத்தம் தெருவரை போயிற்று. நெய்யில் வறுத்த முந்திரி மாதிரி இருக்கிறது வகுப்பு என்று எனக்கே சந்தோஷம்தான்.

இன்ஸ்பெக்டர் வந்த நாள்

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஹெட்மாஸ்டர் அவருக்குப் பின்னால் நின்றார். பிள்ளைகள் விதிகளை ஒப்பித்தார்கள். பிரமாதம் என்று சொல்லிவிட்டு எழுந்தவர், சாக்கட்டியை எடுத்துப் போர்டில் எழுதினார்: 2³ + 2².

நடுவில் இருப்பது கூட்டல் குறி. எங்கள் விதியோ பெருக்கலுக்கு. பிள்ளைகள் கண்ணுக்கு இரண்டு பவர்கள் தெரிந்தன, காதில் ‘பவரைக் கூட்டு’ ஒலித்தது, அவ்வளவுதான். இரண்டின் ஐந்தாம் பவர், முப்பத்திரண்டு என்று முழங்கினார்கள்.

இன்ஸ்பெக்டர் பொறுமைசாலி. இரண்டின் மூன்றாம் பவர் எவ்வளவு என்று கேட்டார். எட்டு என்றார்கள். இரண்டாம் பவர்? நாலு.

“அப்போ எட்டும் நாலும்?”

“முப்பத்திரண்டு” என்றது வகுப்பு. முன்பெஞ்சில் இரண்டு பேருக்குச் சொல்லும்போதே முகம் வெளுத்தது. ஆனாலும் சந்தை சந்தைதான். இரண்டாம் தரமும் சொன்னார்கள், இன்னும் உரக்க.

இதைச் சொல்லிக்கொடுத்தது யார் என்று இன்ஸ்பெக்டர் திரும்பினார். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

“இது என் முறை. அவர் வேண்டாம்னார். நான்தான் இப்படி நடத்தச் சொன்னேன்.”

அந்த மனிதர் அப்போது வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். பழி என் தலையில் விழுந்து, நான் போய், வேறொரு ஆக்டிங் வந்திருப்பான். தாம் பிரம்பெடுத்து மிரட்டும் பிள்ளைகள் எதிரிலேயே அவர் அதைச் சொன்னார். இன்ஸ்பெக்டர், மறுநாளும் வருவதாகவும், அதே கணக்கைக் கேட்பதாகவும், ரிமார்க்கை அதற்குப் பிறகு எழுதுவதாகவும் சொன்னார்.

துணி

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது, தறியிலிருந்து அறுத்த புடவையை அப்பா மடித்துக்கொண்டிருந்தார். பட்டுத் துணியை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. மறுமுனையை நான் பிடித்தேன். ஒரு தரம் மடித்தோம். துணி இரண்டு அடுக்காயிற்று. இன்னொரு தரம், நாலு. இன்னொரு தரம், எட்டு. நான் அப்படியே நின்றுவிட்டேன்.

“என்னாபா எண்ணிக்கினு நிக்கிற? முனையப் புடி, ஜரிகை மடங்குது” என்றார் அப்பா.

அன்று சாப்பிட்ட சோறு என்ன ருசி என்று கேட்டால் தெரியாது. மனம் முழுக்கத் துணிதான். மூன்று தரம் மடித்த துணியையே மேலும் இரண்டு தரம் மடித்தால், மொத்தம் ஐந்து மடிப்பு, முப்பத்திரண்டு அடுக்கு. அது பெருக்கல். அதில் இரண்டு மடிப்பைப் பிரித்துவிட்டால் எட்டு. அது வகுத்தல். ஆனால் மூன்று தரம் மடித்த துணி ஒன்று, இரண்டு தரம் மடித்த துணி வேறொன்று என்று இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால்? எட்டும் நாலும் பன்னிரண்டுதான். வைப்பது வேறு, மடிப்பது வேறு.

மறுநாள் முதல் பீரியடில் என் மேல்துண்டை உதறி மேஜைமேல் போட்டேன். அன்று பாட்டு இல்லை. ஒவ்வொரு பெஞ்சாக வந்து மடித்தார்கள், பிரித்தார்கள். மடிப்பதென்றால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லியா தரவேண்டும்!

பிறகு இன்ஸ்பெக்டர் வந்தார், கூடவே ஹெட்மாஸ்டர். போர்டில் அதே கணக்கு. முதல்நாள் எல்லோரையும்விட உரக்க முப்பத்திரண்டு சொன்ன ரங்கன் எழுந்தான். அர்ச்சகர் வீட்டுப் பையன். பன்னிரண்டு என்றான். எப்படி என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். துணி இருந்தால் காட்டுவேன், ரெண்டு துணி வேணும் என்றான்.

என் துண்டு மேஜைமேல் இருந்தது. இன்னொன்றுக்கு நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். ஹெட்மாஸ்டர் தோளிலிருந்து அங்கவஸ்திரத்தை எடுத்தார். அந்த விசிறி மடிப்பை ஒரே உதறில் பிரித்து, ரங்கன் கையில் கொடுத்தார்.

ரங்கன் என் துண்டை மூன்று தரம் மடித்தான், அங்கவஸ்திரத்தை இரண்டு தரம். ஒன்றின்மேல் ஒன்றை வைத்து, ஓரத்தில் விரல் வைத்து அடுக்குகளை எண்ணிக் காட்டினான். இன்ஸ்பெக்டரும் குனிந்து கூட எண்ணினார். பிறகு நிமிர்ந்து, நான் நடத்தாத ஒன்றைக் கேட்டார்.

“ரெண்டோட சைபராம் பவர் எவ்வளவு?”

சைபர் என்றுதான் எந்தப் பிள்ளையும் சொல்லும். வகுப்பு யோசித்தது. அவர்கள் யோசித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கடைசி பெஞ்சில் எங்கள் தெருப் பையன் கந்தன் எழுந்தான்.

“அது மடிக்காத துணி சார். ஒண்ணு இருக்குது” என்றான்.

ஒரு தரம்தான் சொன்னான். ஹெட்மாஸ்டர் சிரித்ததை அன்று பார்த்தேன்.

ரிமார்க் நன்றாகவே வந்தது, வேலை நிரந்தரமாயிற்று. அவர் அறைக்குப் போய் நன்றி சொல்ல வாயெடுத்தேன். கசங்கிய அங்கவஸ்திரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், “போய் அஞ்சாம் பாரத்தைப் பாரும், ஓய். சத்தம் போட்டுண்டிருக்கான்கள்” என்றார். சொல்ல விடவே இல்லை. அந்த நன்றியைத்தான் இத்தனை வருஷம் கழித்து இங்கே சொல்கிறேன். நான் உண்ட சோறும், என் பிள்ளைகள் படித்த படிப்பும் அவர் அன்று சொன்ன வார்த்தையில் வந்தவை.

பிற்காலத்தில் நானும் ஹெட்மாஸ்டர் ஆனேன். இன்ஸ்பெக்டர்கள் வந்தார்கள், புது வாத்தியார்கள் போர்டுக்கு முன் வியர்த்து நின்றார்கள். அப்போதெல்லாம் பின்னாலிருந்து, இது என் முறை, நான்தான் இப்படி நடத்தச் சொன்னேன் என்று சொல்லியிருக்கிறேன். அவற்றில் பாதிக்கு மேல் என் முறையே அல்ல.