இரண்டு ஆணி, இரண்டு ஹெட்போன்

நான் என் கையால் செய்த சாமான்களிலேயே நேர்த்தியானது ஒரு ஹெட்போன். அதைப் பற்றி என் பிள்ளைகளிடம்கூடச் சொன்னதில்லை. வேலை என்று பார்த்தால் பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் நினைத்தாலே முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் போகிறது. சொல்லத்தான் வரவில்லை, எழுதியாவது தொலைப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

1950களின் நடுவில் வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். சொந்த ஊர் பாலக்காடு. அத்தாவுக்கு அங்கே ஜவுளிக்கடை. கடையில் வந்து உட்காரச் சொன்னார். எனக்குத் துணி அளப்பதைவிட ரேடியோவைப் பிரித்துப் போடுவதுதான் பிடித்திருந்தது. கோயம்புத்தூரில் ஒரு ரேடியோ கடையில் மூன்று வருஷம் வேலை பழகிவிட்டு மலையேறினேன். பேக்டரி மோட்டார், பங்களா ரேடியோ, ஆபீஸ் டெலிபோன் எல்லாம் என் பொறுப்பு. வயது இருபத்தாறு. என்னை விட்டால் இந்த மலையில் ஆள் கிடையாது என்ற நினைப்பு வேறு.

ஆபீசில் ஒரு சின்ன டெலிபோன் போர்டு இருந்தது. பேக்டரி, ஆஸ்பத்திரி, பங்களா, டிவிஷன்கள் எல்லாவற்றுக்கும் லைன் அங்கிருந்துதான் போகும். வெளியூருக்கு ஒரே ஒரு டிரங்க் லைன். கொச்சியில் தேயிலை என்ன விலைக்குப் போனது என்ற விவரம் அதில்தான் வரும். மழைக்காலத்தில் அதில் ஆள் பேசுகிறானா, வெறும் இரைச்சலா என்றே சொல்ல முடியாது.

போர்டைப் பார்த்துக்கொண்டவர் ஒரு கிளார்க். திருநெல்வேலிச் சீமைக்காரர், ஐம்பது வயது, சுத்த சைவம், நெற்றியில் பட்டை விபூதி. நல்ல மனிதர். நான் காய்ச்சலில் படுத்துக் கிடந்தபோது மிளகு ரசம் வைத்துக் கொடுத்தனுப்பியவர். பின்னால் அவரை வில்லன் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டுதான் அவர் எழுதுவார். கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தே போயிருந்தது. பார்க்கச் சகிக்காமல் நானாகத்தான் வேலையில் இறங்கினேன். கோயம்புத்தூரில் பழைய மிலிட்டரி ஹெட்போன் இரண்டு வாங்கி வந்தேன். கனமோ கனம். தலைப்பட்டை இரும்பு, முடியைப் பிடித்து இழுக்கும். பேசுகிற குழல் நெஞ்சில் தொங்கும். எழுதக் குனிந்தால் பேச்செல்லாம் நோட்டுப் புத்தகத்துக்குள் போய்விடும். ஒன்றைப் பிரித்து, இரும்புப் பட்டையை எடுத்துவிட்டு, ஓடாத சுவர்க் கடிகாரத்தின் வில்லைப் போட்டு ஆட்டுத்தோல் சுற்றினேன். காதில் படும் இடத்துக்கு அத்தா கடையிலிருந்து வெல்வெட் துண்டு. பேசுகிற குழலை ஒரு மெல்லிய கம்பியில் வாய்க்கு நேராக நிறுத்தினேன். அதோடு சத்தத்தைக் கூட்டிக் கொடுக்க ஒற்றை வால்வு வைத்து ஒரு ஆம்ப்ளிபயர், பேட்டரியில் ஓடுவது, வெற்றிலைப் பெட்டி அளவுதான் இருக்கும். அதை மாட்டி முதல் டிரங்க் காலைக் கேட்டதும் கிளார்க் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"என்னவே, பக்கத்துல நின்னு பேசுத மாதிரில்லா இருக்கு! உம்ம கைக்குத் தங்கக் காப்பு போடணும்வே."

காப்பு வரவில்லை. அந்தப் பேச்சே எனக்குப் போதுமானதாக இருந்தது. ஒரு வாரம் அதை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டு திரிந்தேன்.

இரண்டு மாதம் கழித்து, கிளார்க்குக்குக் கடிதாசி வேலை கூடிவிட்டது என்று, மத்தியானத்துக்கு மட்டும் போர்டில் ஒரு பெண்ணை எஸ்டேட் மேனேஜர் துரை உட்கார வைத்தார். கூலியாட்கள் குடியிருக்கும் லயத்துப் பெண். அம்மா கொழுந்து பறிப்பவள். மிஷன் பள்ளியில் பத்தாவது வரை படித்து, துரை பேசும் இங்கிலீஷுக்குத் தயங்காமல் பதில் சொல்வாள். மூன்று மாதம் பார்ப்பார்கள். சரியாக இருந்தால் ஆபீஸ் ஸ்டாஃப், இல்லாவிட்டால் கொழுந்துக் கூடை. அவள் குடும்பத்தில் யாரும் அதுவரை அந்த ஆபீசில் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. "வேலை நிலைச்சிட்டா அம்மாவ மலைக்குப் போக விட மாட்டேண்ணே" என்று என்னிடமே சொன்னாள்.

முதல் நாலு நாள் கிளார்க் காலையில் வந்ததும், முந்தின மத்தியானம் அவள் மாட்டியிருந்த ஹெட்போனைக் கைக்குட்டையால் துடைத்தார். அப்புறம் கைக்குட்டையைக் காதில் வைத்து, அதன் மேல் மாட்டிக்கொண்டார். ஐந்தாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

"இது காதுல படுத சாமான்வே. வாய்க்கிட்ட வருது. ஒரு சுகாதாரம் வேண்டாமா?"

"ஸ்பிரிட் போட்டுத் துடைச்சுத் தர்றேனுங்க சார்."

"துடைச்சாப் போற விஷயமாவே இது? அந்தப் பிள்ளைக்குத் தனியா ஒண்ணு பண்ணிக் குடும். பிளக்கு சொருகுத துளையும் தனியாவே இருக்கட்டும்."

அவர் ஜாதி என்ற வார்த்தையை வாயில் எடுக்கவில்லை. எடுக்காமலே எனக்குப் புரிந்தது. புரியாமல் எப்படிப் போகும்? அதே ஆபீசில் முஸ்லிம் என்பதால் எனக்கென்று ஒரு கிளாஸ், ஜன்னல் கட்டைக்கு வெளியே இருந்தது. டீ குடித்ததும் நானே கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். அந்தக் கிளாஸைத் தினமும் மனதுக்குள் திட்டியவன்தான் நான். திட்டிய அதே ஆள் மறுநாள் காலையே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவர் பாராட்டியவர், மறுக்க மனம் வரவில்லை என்று ஒரு காரணம் உண்டு. அது பாதிதான். எனக்கும் கீழே ஒருத்தி இருக்கிறாள் என்பதில் உள்ளுக்குள் ஒரு சின்னத் திருப்தி இருந்தது. அதுதான் மீதிப் பாதி. எழுதும்போது கை கூசுகிறது.

அவளுக்கு இரண்டாவது மிலிட்டரி ஹெட்போனை அப்படியே கொடுத்தேன். அதே இரும்புப் பட்டை, நெஞ்சில் தொங்கும் அதே குழல். போர்டில் இரண்டாவதாக ஒரு துளை போட்டு லைனோடு நேராக இணைத்தேன். ஆம்ப்ளிபயர் முதல் துளைக்கு மட்டும். ஒரு சுவிட்ச் வைத்து இரண்டையும் சேர்த்துவிடலாம், அரை மணி நேர வேலை என்று கிளார்க்கிடம் சொல்லத்தான் செய்தேன்.

"பேட்டரி தீர்ந்து போச்சுன்னா துரைக்கு யாரு பதில் சொல்லுதது? மத்தியானத்துக்கு அது போதும்வே" என்றார்.

சரியென்று விட்டுவிட்டேன். சுவரில் இரண்டு ஆணி அடித்தேன். அவருடையது ஜன்னல் பக்கம். அவளுடையது கதவுக்குப் பின்னால், குடை மாட்டும் இடத்தில்.

மழை பிடித்துக்கொண்டது. கொச்சியிலிருந்து டிரங்க் கால் பெரும்பாலும் மத்தியானத்தில்தான் வரும். ஒருநாள் பியூஸ் பார்க்கப் போனபோது அவள் என்னைக் கேட்டாள்.

"அண்ணே, டிரங்க்ல ஒண்ணுமே கேக்க மாட்டேங்குது. மூணு தடவ திருப்பிச் சொல்லச் சொல்லுறேன், வையிறாங்க. காலைல சாருக்கு மட்டும் எப்படிண்ணே நல்லாக் கேக்குது?"

"மழைங்கம்மா. மத்தியானமானா லைன் இப்படித்தான்" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

மூன்றாம் மாதக் கடைசியில் துரை என்னை அறைக்குக் கூப்பிட்டார். கிளார்க்கும் நின்றுகொண்டிருந்தார். கொச்சியிலிருந்து புகார் மேல் புகார் என்றார் துரை. அந்தப் பெண் ஒரு விவரத்தையும் ஒழுங்காக வாங்குவதில்லையாம். லைனில் ஏதாவது குறை உண்டா என்று கேட்டார்.

"லைன் சரியாத்தான் இருக்குங்க சார்" என்றேன்.

அப்படியானால் அவள் காதில்தான் குறையா என்றார். கிளார்க் தரையைப் பார்த்தார். நான் துரையின் மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்தேன். ஆம்ப்ளிபயர் அவள் பக்கம் இல்லை என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் இல்லை என்பார், யார் சொல்லிச் செய்தாய் என்பார். என் வேலைக்கே ஆபத்து வரும் என்று பயம். வாயை மூடிக்கொண்டு நின்றேன். பொய் ஒன்றும் சொல்லவில்லையே, லைன் சரியாகத்தானே இருந்தது என்று பிறகு எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது என்னிடமே எடுபடவில்லை.

'காது மந்தம்' என்று எழுதி அவளை அனுப்பிவிட்டார்கள். இனி எந்த ஆபீசும் அவளைச் சேர்க்காது. திங்கட்கிழமை காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கூடையோடு நின்றாள்.

பத்துப் பதினைந்து நாள் அவள் கண்ணில் படாமல் சுற்றினேன். பிறகு ஒருநாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நேருக்கு நேர் பார்க்க வேண்டியதாகிவிட்டது. நிறுத்து முடித்து, தலைத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். எதையாவது சொல்லிவிட்டால் தேவலை என்று இருந்தது.

"அந்த ஆம்ப்ளிபயர் பெட்டி உன் பக்கம் வரலைம்மா. நான்தான் ஒயரைச் சேர்த்துக் குடுத்திருக்கோணும்" என்றேன்.

"தெரியும்ணே."

"எப்படித் தெரியும்?"

"ரெண்டாம் மாசமே தெரியும். சாரு சாப்பிடப் போனப்ப அவரோடத எடுத்து மாட்டிப் பாத்தேன். ஒரு எழுத்து விடாமக் கேட்டுச்சு."

எனக்குக் கோபம் வந்தது. தப்பை அவள் தலையில் போட இடம் கிடைத்துவிட்டது பாருங்கள்.

"அப்ப துரைகிட்ட நீயே சொல்லியிருக்கலாமல்ல?"

"எப்படித் தெரியும்னு அவரும் கேப்பாருல்ல. சாரோடத நான் மாட்டினேன்னு சொல்ல முடியுமாண்ணே? எங்கம்மாவையும் சேத்து லயத்த விட்டு எறக்கியிருப்பாங்க." துணியை உதறித் தலையில் கட்டிக்கொண்டாள். "நீங்க சொல்லுவீகன்னு இருந்தேன். துரை உங்களக் கூப்பிட்ட அன்னைக்குக் கதவுக்கு வெளியதான் நின்னுக்கிட்டிருந்தேன். நீங்க சொன்னது எனக்கு நல்லாக் கேட்டுச்சு."

கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.