ஒத்திகைக்கு ஒரு நாத்திகர்

சமயச் சொற்பொழிவுத் தொழிலில் பெரிய தொல்லை, கடவுள் ஒருநாளும் குறுக்கே பேசமாட்டார், கேட்க வந்தவர்கள்தான் பேசுவார்கள். சபையில் ஒரு நாத்திகரைச் சமாளித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அங்கே இன்னொருவர் உட்கார்ந்திருக்கிற அவஸ்தை உங்களில் எத்தனை பேருக்கு உண்டோ, எனக்கு முப்பது வருஷமாக உண்டு. என் வீட்டுக்காரர் அக்மார்க் நாத்திகர். போன மாசியில் அவருக்கு இதய ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அந்த நாள் வரும்வரை நான் பாதித் தூக்கத்தில் நடந்தது போலத்தான் இருந்தேன். மனிதர் திரும்பி வர வேண்டுமே என்பதைத் தவிர வேறு எதுவும் மனதில் ஒட்டவில்லை.

குடமும் குயவனும்

மயிலாப்பூரில் எங்கள் சமையலறையில்தான் சொற்பொழிவுக்கு ஒத்திகை. நான் கீரை ஆய்ந்துகொண்டே பேசுவேன், அவர் எதிர்க்கட்சி. "குடம் இருந்தா குயவன் இருக்கணும். உலகம் இருந்தா செஞ்சவன் இருக்கணும்" என்றேன்.

"குயவனுக்கு மண்ணு கெடைச்சுது. உங்க ஆளுக்கு?"

"மாயை. அது அநாதி. உயிரும் அநாதி, அவரும் அநாதி."

"எல்லாமே முன்னாடியே இருந்துதுன்னா அவருக்கு என்னதான் வேலை?"

படித்ததெல்லாம் எங்கே போயிற்றோ! ஜன்னல் வெயில் அவர் நரைத்த தலையில் விழுந்திருந்தது, அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவரோ அக்கறையாக, "இதுக்கு பதில் யோசிச்சு வை, சனிக்கிழமை வேளச்சேரியில கேப்பாங்க" என்றார்.

வேளச்சேரி

சனிக்கிழமைச் சொற்பொழிவில் யாரும் அதைக் கேட்கவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பின் மண்டபத்தில் ஐ.டி. கம்பெனிப் பையன் ஒருவன் எழுந்தான். "வெள்ளத்துல எங்க வீட்டுல இடுப்பளவு தண்ணி. அம்மா சாமி பேரையே சொல்லிட்டிருந்தாங்க. வந்தது சாமி இல்ல, படகோட குப்பத்து அண்ணன் ஒருத்தர்."

"அந்த உருவத்துல வந்தது யாருப்பா?" என்றேன். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போயிற்று. அவன் மட்டும் தட்டவில்லை. பறக்கும் ரயிலில் திரும்பும்போது விளக்குகள் ஜன்னலில் மிதந்து மிதந்து போயின, என் காதில் அதற்கு அவன் சொன்ன பதில்தான் ஓடியது: "மேடம், அந்த அண்ணன் பொழப்ப விட்டுட்டு வந்தாரு. அந்தப் பேரையும் சாமிக்கே குடுத்துட்டா அவருக்கு என்ன மிச்சம்?"

ஊரூர் குப்பம்

வீட்டுக்காரரைக் கொஞ்சம் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். விடிகாலையில் பெசன்ட் நகர் கடற்கரையில், கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகக் கிடந்தபோது, ஒரு மீன்காரம்மா கடலைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். இவருக்கு வாய் சும்மா இருக்குமா? "ஏம்மா, கும்பிடறியே, சாமி இருக்குன்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

அந்தம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இன்னா சார், சாமி கீதா இல்லியான்னு கரையில குந்திக்கினு பேசலாம். எம் புருசன் கடலுக்குள்ள கீறாரு." எனக்கு இவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

சத்தியம்

ஆபரேஷன் அன்று காலை என்னிடம் சத்தியம் கேட்டார். மயக்கத்தில் இருக்கும்போது நெற்றியில் திருநீறு பூசக் கூடாதாம். "முழிச்சிருக்கறப்ப முடியாதத அப்பப் பண்ணாத. கபாலி மேல சத்தியம் பண்ணு."

"உங்களுக்குத்தான் கபாலியே இல்லையே?"

"உனக்கு இருக்காரே. அவர் மேல பண்ணினாத்தான் மீறமாட்டே."

பண்ணினேன். ஊசி போட்டுக் கண் சொருகியபிறகு ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். என் உள்ளங்கையில் திருநீற்றுப் பொட்டலம் வியர்த்துக் கசங்கிக்கொண்டிருந்தது. ஒரு விரல் போதும். நர்ஸ்கூட எனக்காக நின்றார். பூசாமல் அனுப்பி ஏதாவது ஆகிவிட்டால் என்னை நானே மன்னிப்பேனா? பூசினால் கபாலி முகத்தில் எப்படி விழிப்பது? ஆபரேஷன் தியேட்டர் கதவு மூடிக்கொண்டது. பூசவில்லை. பாவி, பூசவில்லையே என்று அந்த வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் கண் விழித்தார். குழாய்களுக்கு நடுவே கை மெதுவாக எழுந்து நெற்றியைத் தடவியது. விரலைப் பார்த்தார்.

"பூசலையா?"

"சத்தியம் பண்ணினேனே."

"நீ எப்படியும் பூசிடுவேன்னு நெனச்சுத்தான்டி தைரியமா உள்ள போனேன்."

திருநீறு பூசவில்லை என்று நாத்திகரிடம் திட்டு வாங்கிய சொற்பொழிவாளர் இந்த மயிலாப்பூரிலேயே நான் ஒருத்திதான்.