ஆணியில் தொங்கிய என் கேன்

அந்தச் சனிக்கிழமை காலை நான் கோவில்பட்டியில் ஒரு பலசரக்குக் கடை வாசலில் நின்று, காலி எண்ணெய் கேன்கள் கேட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் சீனியம்மா அக்காவின் கிணற்றில் நீச்சல் பழக வரும் பிள்ளைகளின் முதுகில் மிதவையாகக் கட்டுவதற்கு. அப்போதுதான் என் பழைய மாணவி செல்வி போனில் அழைத்தாள்.

"டீச்சர், சீனியம்மா அக்கா போயிட்டாவ. விடியக்காலம் நெஞ்சு வலிக்குன்னாவளாம். ஆஸ்பத்திரி போய்ச் சேருறதுக்குள்ள முடிஞ்சிட்டு."

கடைக்காரர் கேன்களைச் சாக்கில் கட்டிக் கையில் கொடுத்துவிட்டார். அந்தச் சாக்கோடுதான் துக்க வீட்டுக்குப் போனேன். அதை வேறு எங்கே வைப்பது என்று அப்போது தோன்றவில்லை.

எட்டயபுரம் போகும் வழியில் அக்காவின் ஊர். மானாவாரிக் கரிசல் காடு. ஐப்பசி மழைக்கு நிறைந்து மாசி வரை தண்ணீர் நிற்பது அங்கே அவர் தோட்டத்துக் கிணற்றில்தான். ஒருமுறை என் வகுப்புப் பெண்களுக்குப் பருத்திச் செடி காட்ட அழைத்துப் போனேன். பருத்தியை யார் பார்த்தார்கள்? எல்லோரும் கிணற்று மேட்டில் நின்று, உள்ளே குதித்து ஆடிய பையன்களையே பார்த்தார்கள். நான் பிள்ளைகளை அதட்டினேன். அக்கா என்னை அதட்டினார்.

"அதுகள ஏன் வையுதீங்க டீச்சர்? ஆசப்படத்தான செய்யும். ஞாயித்துக்கெழம காலைல கூட்டிட்டு வாங்க. பயலுவள நான் வெரட்டி விட்டுருதேன்."

அப்படித் தொடங்கியதுதான். கட்டணம் இல்லை, வருகைப் பதிவு இல்லை. பள்ளிக்கூடக்காரி புத்தியில் நான் பெயர் கூப்பிடப் போனால், "வரணும்னு தோணுனா வரட்டும்" என்று சிரிப்பார். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அவர் முதலில் தண்ணீரில் இறங்குவார். நான் படியில் உட்கார்ந்து, பிள்ளைகளின் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொள்வேன். ஒரே ஒரு சட்டம் உண்டு. முதுகுக் கேனை அந்தப் பிள்ளையேதான் அவிழ்க்க வேண்டும். வேறு யாரும் அதில் கை வைக்கக் கூடாது.

செல்வி முதல் வருடம் தண்ணீர் நின்ற மாதங்கள் முழுக்கக் கேனோடுதான் மிதந்தாள். அவள் அப்பா ஒருநாள் பொறுமை இழந்து வந்துவிட்டார். "கேன அவுத்துட்டுத் தூக்கிப் போடுங்க. எங்க மாமா அப்படித்தான் எனக்குப் பழக்குனாவ" என்றார். அக்கா தண்ணீரில் நின்றபடியே சொன்னார்: "தூக்கிப் போட்டா நீந்திருவா அண்ணாச்சி. ஆனா மறுவாரம் வரமாட்டா."

அடுத்த வருடம் கிணறு நிறைந்ததும் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. "டீச்சர், பிடிங்க!" என்று ஒரு கத்தல். செல்வி தன் கேனை அவிழ்த்து என் மடியில் எறிந்துவிட்டு நீந்திக்கொண்டிருந்தாள். அக்கா ஈரக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. எத்தனையோ பரீட்சை முடிவுகளைப் பார்த்தவள் நான். எதற்கும் அப்படி அழுததில்லை.

இத்தனைக்கும் எனக்கு நீச்சல் தெரியாது. டவுனில் குழாயையும் வாளியையும் பார்த்து வளர்ந்தவள். பிள்ளைகளுக்கெல்லாம் தைரியம் சொல்லிவிட்டு, பாதம் நனையாமல் உட்கார்ந்திருப்பேன். அக்கா ஒரு கேனில் சுண்ணாம்பால் 'மைமூன் டீச்சர்' என்று எழுதி மோட்டார் ரூம் ஆணியில் மாட்டிவைத்தார். "ஒங்க கேன் சும்மா தொங்குது டீச்சர். என்னைக்கு எறங்குதீங்க?" என்று வாராவாரம் கேட்பார். அடுத்த வாரம் என்பேன். அதற்கு மேல் ஒரு சொல் வற்புறுத்தியதில்லை. சட்டம் எனக்கும் உண்டு அல்லவா?

காரியம் முடிந்த பிறகு அவர் மகன் என்னிடம் பேசினார். "பிள்ளைக வரட்டும் டீச்சர், நான் வேண்டாங்கல. செல்வி தண்ணில நிக்கேன்னு சொல்லுதா. ஆனா கயித்தப் பிடிக்கிற ஆளுக்கும் நீச்சல் தெரிஞ்சிருக்கணும்லா? அம்மா இருந்த வரைக்கும் எனக்குப் பயமில்ல. இப்ப பயமா இருக்கு."

அவர் சொன்னதில் தப்பில்லை. நான் பழகினால் கிணறு பெண் பிள்ளைகளுக்கும். இல்லாவிட்டால் மறுபடியும் பையன்களுக்கு மட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை மோட்டார் ரூமுக்குப் போனேன். சுண்ணாம்பு எழுத்து பாதி உதிர்ந்திருந்தது. கேனை ஆணியிலிருந்து எடுத்துச் செல்வியிடம் முதுகைக் காட்டினேன். கட்டிவிட்டாள். பிள்ளைகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் வரிசையாக உட்கார்ந்தார்கள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு முதல் படியிலேயே நின்றேன். இருப்பதிலேயே சின்னவள் குரல் கொடுத்தாள்: "பயப்படாதீங்க டீச்சர். நாங்க யாரும் அவுக்க மாட்டோம்."

இறங்கினேன். மிதந்தேன்.

அக்காவிடமிருந்து எனக்கு என்று மிஞ்சியது அந்தக் கேன்தான். இன்னும் அவிழ்க்கவில்லை. மாசிக்குள் அவிழ்த்துவிடுவேன் அக்கா.