கொறற்றிக்கு ஒரு சேர்வ்

மரிய கொறற்றியும் நானும் மூன்று வருடம் ஒரே கரப்பந்து அணியில் இருந்தோம். ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் கோட்டுக்குள் நின்று ஆடியது ஒரேயொரு செட்டில்தான்.

அது சண்டையால் வந்ததல்ல. அவள் லிபரோ. பின்வரிசையில் நின்று, எதிரணி அடிக்கும் பந்தை நிலத்தில் விழாமல் எடுப்பது மட்டுமே லிபரோவின் வேலை. வலைக்கு மேலே கை தூக்கி அடிக்கக் கூடாது, தடுக்கக் கூடாது, எங்கள் போட்டிகளில் சேர்வ் போட்டு ஆட்டத்தைத் தொடக்கவும் கூடாது. மற்றவர்களெல்லாம் நீல ஜேர்சி போட்டால் அவளுக்கு மட்டும் மஞ்சள். நான் உயரமானவள். முன்வரிசையில் வலையோரம் நின்றால் பயன்படுவேன். பின்வரிசைக்குப் போனால் என் கையில் பட்ட பந்து எங்கே போகும் என்று எனக்கே தெரியாது. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் என் சேர்வ் முடிந்ததும் நான் வெளியே வருவேன், எனக்குப் பதிலாக அவள் உள்ளே போவாள். நான் மறுபடி முன்வரிசைக்குப் போகவேண்டிய நேரத்தில் அவள் ஓடி வருவாள். பெஞ்ச் பக்கக் கோட்டில் கையோடு கை தொட்டு மாறிக்கொள்வோம்.

அந்த அரை நொடிக்குள் அவள் ஏதாவது சொல்லிவிட்டுத்தான் வெளியே போவாள். "நாலாம் நம்பர் குறுக்கத்தான் அடிக்கிறா." "அந்த நெட்டச்சிக்கு முழங்கால் வலி, அவ பக்கம் தட்டு." சில நாள் ஆட்டத்துக்குச் சம்பந்தமே இருக்காது. "ராவைக்கு ஹொஸ்டல்ல பருப்பு மட்டும்தானாம்." நான் வலையடியில் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பேன். நடுவர் என்னைச் சந்தேகத்தோடு பார்ப்பார்.

கொறற்றி போன மாதம் டெங்குக் காய்ச்சலில் இறந்துபோனாள். முப்பது வயது. எல்கடுவைக்கு மேலே, அவள் பிறந்த தேயிலைத் தோட்டத்துக் கத்தோலிக்கக் கோவிலில் முப்பத்தோராம் நாள் பூசைக்கு நானும் போயிருந்தேன். முக்காட்டோடு கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தேன். பூசை முடிந்து தேத்தண்ணீர் கொடுக்கும்போது அவளுடைய தம்பி கிறிஷாந்த் என்னிடம் வந்தான். "அக்கா, நீங்கதானே அவ கூட ஆடுனவங்க. நாங்க ஒருக்காகூட பாத்ததில்ல. எப்படி ஆடுவா?" என்று கேட்டான். அவர்களுடைய அப்பா செபஸ்தியனும் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். எனக்கு அங்கே நின்று சொல்ல வரவில்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவள் குள்ளம். ஐந்தடிக்கு இரண்டு அங்குலம் குறைவு. தோட்டத்துப் பாடசாலையில் வலைக்குப் பதிலாகத் தேயிலைச் சாக்குகளைக் கிழித்துக் கட்டி ஆடிப் பழகியவள். பந்து உருண்டால் மலைச்சரிவில் இறங்கிப் போய் எடுத்து வரவேண்டும். அதற்குப் பயந்தே பந்தை விழ விடாமல் எடுக்கப் பழகினேன் என்பாள். மாத்தளையில் எங்கள் கல்லூரிக்கு வந்த முதல் வாரமே நுஹ்மான் ஸேர் அவளுக்கு மஞ்சள் ஜேர்சியைக் கொடுத்துவிட்டார். ஸேர் எங்களுக்குக் கணக்குப் படிப்பிப்பவர். கரப்பந்து அவருடைய ஆசை. வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டே பயிற்சி கொடுப்பார்.

கொறற்றிக்கு முழங்கை இரண்டிலும் எப்போதும் சிராய்ப்பு இருக்கும். காய்ந்து வரும்போதே அடுத்த போட்டி வந்துவிடும். விழுந்த இடத்திலிருந்து எழும்பும்போது முகத்தில் மண் இருக்கும், பந்து மேலே இருக்கும். அவள் எடுத்துக் கொடுத்த பந்தை எங்கள் கெப்டன் ஷஸ்னா தூக்கிக் கொடுப்பாள், நானோ சத்துரிகாவோ அடிப்போம். கை தட்டல் எங்களுக்கு.

மூன்றாம் வருடம், மாகாணப் போட்டியின் அரையிறுதியில் தம்புள்ளையில் தோற்றோம். பருவம் முடிய ஒரே போட்டிதான் மிச்சம். அடுத்த சனிக்கிழமை கலேவெலயில், மூன்றாம் இடத்துக்காக. திரும்பி வரும்போது வழியெல்லாம் மரக்கறி லொறிகள். பஸ் நகரவில்லை. அப்போதுதான் கொறற்றி எழுந்து போய் ஸேருடைய சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஸேர், சனிக்கிழம ஒரு செட்டுக்கு என்னய சாதா ஆளா போடுங்களேன்."

"என்னத்துக்கு மகள்?"

"ஒரு சேர்வ் போடணும் ஸேர். மூணு வருஷமா ஒண்ணுகூட போட்டதில்ல. இனி எங்க போய் போடுறது?"

ஸேர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நீ சாதா ஆளானா பின்னால பந்த எடுக்குறது யாரு? நப்லாவா?"

நப்லா நான்தான். பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். கொறற்றி மட்டும் சிரிக்கவில்லை.

ஷஸ்னாவுக்குக் கோபம் வந்தது. "ஸேர், கலேவெல எங்கட ஊரு. மாமாமார் எல்லாரும் வருவாங்க. அங்க போய் வெளயாட்டுக் காட்டேலா. மூணாமிடம் வந்தா எல்லாருக்கும் மாகாண சேர்ட்டிபிகட் கெடைக்கும். நாலாவதா வந்தா ஒண்டுமில்ல."

"எனக்கும் அது தெரியும்டி," என்றாள் கொறற்றி. "ஒரு செட்தான் கேக்குறேன். ஒரு சேர்வ்."

ஸேர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு, "ஒருக்கா சாதா ஆள்னு தாள்ல எழுதிட்டா அந்த மெச் முடியும் வரைக்கும் நீ லிபரோ ஆகேலா. அதுதான் சட்டம். வெளங்குதா?" என்றார்.

"வெளங்குது ஸேர்."

"யார்ட எடத்துல போடுற?"

பின் சீட்டிலிருந்து சத்துரிகா கையைத் தூக்கினாள். முதல் செட்டுக்கு மட்டும் என்று விரலால் காட்டினாள். ஷஸ்னா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கலேவெல மைதானத்தில் அன்று காற்று. சேர்வ் போட்ட பந்து போகிற வழியில் மனதை மாற்றிக்கொண்டது. ஷஸ்னாவின் மாமாமார் ஐந்தாறு பேர் மோட்டார் சைக்கிள்களில் சாய்ந்துகொண்டு வரிசையாக நின்றார்கள். கொறற்றி முதல் தடவையாக நீல ஜேர்சி போட்டிருந்தாள். அது சத்துரிகாவின் பழைய ஜேர்சி, தொடை வரை வந்தது. ஒரு மாமா, "என்ன ஷஸ்னா, தங்கச்சியயும் கூட்டிக்கிட்டு வந்தீக்கா?" என்று கேட்டார். கொறற்றி அவருக்குச் சலாம் வைத்தாள்.

அந்தச் செட்டில் அவளுடைய சேர்வ் முறை நாலாவது. அதற்கு முன் நான் சேர்வ் போட்டேன், பிறகு வெளியே போக வழியில்லாமல் பின்வரிசையில் நின்றேன். எதிரணிக்கு இரண்டு பந்திலேயே விஷயம் விளங்கிவிட்டது. எல்லாம் என்னிடமே வந்தன. முன்வரிசையில் நின்ற கொறற்றி வலைக்குக் கீழிருந்து திரும்பிப் பார்த்து, "கைய ஒண்ணா வையி, கும்புடுற மாதிரி வைக்காத," என்று சத்தம் போட்டாள். அவள் பந்து எடுக்கும் இடத்தில் நானும், நான் அடிக்கும் இடத்தில் அவளும் நின்றோம். இருவரும் ஒன்றுக்கும் உதவவில்லை. ஆனாலும் எனக்கு அது பிடித்திருந்தது. முதல் தடவையாக அவள் ஆடுவதை உள்ளேயிருந்து பார்த்தேன்.

ஏழுக்கு ஒன்பது என்று இருந்தபோது ஒரு நீண்ட ஆட்டத்தை நாங்கள் வென்றோம். பந்து எங்கள் பக்கம். எல்லோரும் ஓரிடம் நகரவேண்டும். நான் முன்வரிசைக்கு, கொறற்றி சேர்வ் போட.

நடந்தது இதுதான். நான் முன்வரிசைக்குப் போகும் நேரமென்றால் அவளோடு கை தொடும் நேரம். மூன்று வருடப் பழக்கத்தில் என் கை தானாக நீண்டது. அவளும் ஓடிவந்து என் கையைத் தொட்டுவிட்டு, "காத்து அந்தப் பக்கமிருந்து வருது," என்று சொல்லிக்கொண்டே கோட்டைத் தாண்டி வெளியே போய் நின்றாள். அந்த முறையில் சேர்வ் போடுகிறவள் எப்போதும் சத்துரிகா. அவளும் யோசிக்காமல் பெஞ்சிலிருந்து எழும்பி உள்ளே ஓடினாள், பந்தை வாங்கினாள், விசில் கேட்டதும் அடித்தாள். நல்ல சேர்வ். எதிரணிப் பிள்ளை ஒருத்தி அதை எடுக்க முடியாமல் விழுந்தாள். நாங்கள் கை தட்டிக்கொண்டோம்.

ஸ்கோர் எழுதியவர்தான் எழுந்து நின்று கொடி காட்டினார். மாற்றம் கேட்காமல் ஆள் மாறிவிட்டது, சேர்வ் போட்ட இலக்கம் தாளில் இல்லை, புள்ளி எதிரணிக்கு. நடுவர் அதைச் சிங்களத்தில் பொறுமையாக விளக்கிக்கொண்டிருக்கும்போதுதான் எங்களுக்கு உறைத்தது. சத்துரிகா வாயைப் பொத்திக்கொண்டாள். எதிரணியும் சிரித்தது, மாமாமாரும் சிரித்தார்கள். ஸேர் குடையை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார்.

கொறற்றி கோட்டுக்கு வெளியே நின்றபடி என்னைப் பார்த்தாள். "நீ ஏன்டி கைய நீட்டுன?"

"நீ ஏன் ஓடி வந்த?"

"நீ நீட்டுன. நான் வந்தேன்."

அந்தச் செட்டைப் பதினேழுக்கு இருபத்தைந்தில் இழந்தோம். பந்து இன்னும் ஒருமுறை எங்கள் பக்கம் வந்திருந்தால் அவளுடைய முறை மறுபடி வந்திருக்கும். வரவில்லை.

இடைவேளையில் ஷஸ்னா தண்ணீர்ப் போத்தலைச் சத்தமாகக் கீழே வைத்தாள். கொறற்றிதான் ஸேரிடம் போனாள். "ஒரு செட்டுன்னுதானே சொன்னேன். முடிஞ்சிருச்சி. சத்துரிகாவ போடுங்க." பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, முழங்கால்களைக் கட்டிக்கொண்டு ஆட்டத்தைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஆனால் நாங்கள் சேர்வ் போட்ட ஒவ்வொரு தடவையும் அவளுடைய வலது கை மடியில் லேசாக அசைந்தது.

இரண்டாம் செட்டை எப்படியோ வென்றோம். என் கையில் பட்ட பந்துகளைத் துரத்திப் பிடித்துப் பிடித்து ஷஸ்னா களைத்துப்போனாள். மூன்றாவது, பதினைந்து புள்ளிச் செட். பதினொன்றுக்குப் பதின்மூன்று என்று பின்னால் இருந்தோம். சத்துரிகா ஒரு பந்தை அடித்துப் புள்ளி எடுத்தாள். பன்னிரண்டு. அடுத்த சேர்வ் என்னுடையது.

எனக்கும் அது கடைசிப் போட்டிதான். அந்த வருடம் முடிந்ததும் நிக்காஹ் பேசியிருந்தார்கள். நான் பந்தை வாங்கிக் கோட்டுக்குப் பின்னால் இரண்டடி போனேன். பிறகு பந்தைக் கீழே வைத்துவிட்டு ஸேரைப் பார்த்து, "ஸேர், எனக்குப் பதிலா கொறற்றிய போடுங்க," என்றேன்.

"ஏன், காலா?"

"கால் நல்லாத்தான் ஈக்கி."

ஸேர் என்னைப் பார்க்கவில்லை, ஷஸ்னாவைப் பார்த்தார். ஷஸ்னா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "போடுங்க ஸேர். சேர்வ் எப்படிப் போனாலும் அதுக்குப் பொறகு பந்தயாவது எடுப்பா. இவ அதுவும் எடுக்கமாட்டா."

இது முறையான மாற்றம். நடுவர் விசிலடித்து, ஸ்கோர் எழுதுபவர் இரண்டு இலக்கங்களையும் எழுதி முடிக்கும்வரை கோட்டின் இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவளும் நிற்கவேண்டும். மூன்று வருடமாக அரை நொடிக்குள் எவ்வளவோ பேசியவர்கள். அன்று கால் நிமிடத்துக்கு மேல் முகத்தை முகம் பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டு உள்ளே போனாள்.

முதல் சேர்வ் காற்றில் ஏறி, வலையைத் தாண்டியதும் செத்ததுபோல விழுந்தது. எதிரணியில் இருவர் ஒருவரையொருவர் பார்த்தார்கள், பந்து நடுவில் விழுந்தது. பதின்மூன்றுக்குப் பதின்மூன்று. கொறற்றிக்கு அது தன்னுடைய புள்ளி என்பது விளங்கவில்லை. நடுவர் கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஷஸ்னா ஓடிப்போய் அவளுடைய தலையில் தட்டினாள். இரண்டாவது சேர்வை எதிரணி எடுத்துத் திருப்பி அடித்தது. கொறற்றி மண்ணில் விழுந்து அதை எடுத்தாள், ஷஸ்னா வலை மேல் தட்டிவிட்டாள். பதினான்கு. இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் மூன்றாமிடம். மாமாமார் மோட்டார் சைக்கிள்களை விட்டு எழும்பி நின்றார்கள்.

மூன்றாவது சேர்வ் வலையின் நடுவில் போய் மோதியது.

அதற்குப் பிறகு இரண்டு புள்ளிகள் அவர்களுக்குப் போயின. நாங்கள் நாலாவதாக வந்தோம்.

திரும்பி வரும்போது தம்புள்ளையில் பஸ் நின்ற இடத்தில் ஸேர் எல்லோருக்கும் அவித்த சோளம் வாங்கிக் கொடுத்தார். ஷஸ்னாவுக்குக் கலேவெலயிலேயே வீடு என்பதால் அவள் பஸ்ஸில் வரவில்லை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். பார்த்தால், பின் சீட்டில் முகத்தை மூடிப் படுத்திருந்தாள். வீட்டுக்குப் போய் மாமாமாரைப் பார்க்க முடியாதாம். சோளத்தை நீட்டியதும் எழும்பி உட்கார்ந்தாள். பாதி தின்ற பிறகு கொறற்றியிடம் கேட்டாள்.

"மொத ரெண்டும் அவ்வளவு நல்லாப் போட்ட. மூணாவத ஏன்டி அப்படி அடிச்ச? பயந்தியா?"

"பயமில்ல."

"அப்ப?"

கொறற்றி சோளத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அதப் போட்டா மெச் முடிஞ்சிரும்தானே. அத அடிக்கப் போகக்குள்ள நாலாவத எப்படிப் போடுறதுன்னு யோசிச்சிட்டேன்."

"ஒண்டுதானே கேட்ட நீ."

"ஒண்ணு போடும்வரைக்கும் ஒண்ணுதான் வேணும்னு இருந்திச்சி," என்றாள்.

ஷஸ்னா அவளை உற்றுப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் தன் சோளத்தை முறித்து, பெரிய பாதியைக் கொறற்றியின் மடியில் வைத்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டாள். கொறற்றி இரண்டையும் தின்றாள். பஸ் நாலந்தையைத் தாண்டும்போது வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, விரல்களை விரித்து, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தாள்.