தாடைக்குள் ரத்தம்

என் மனைவி முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தபோது அவளுடைய இடது கீழ்த்தாடை வீங்கத் தொடங்கியது. நான் ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் ஃபிட்டர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். அவள் திருமுல்லைவாயிலில் தலைமுறைகளாகப் பயிர் வைத்த குடும்பத்துப் பெண். குவார்ட்டர்ஸில் எல்லோரும் பொன்னுக்கு வீங்கி என்றார்கள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினோம். வலி அதிகமில்லை. ஆனால் வாரத்துக்கு வாரம் முகம் மாறிக்கொண்டே வந்தது. கடைவாய்ப் பல்லும் ஆடத் தொடங்கியது.

பக்கத்துப் பல் டாக்டர் சொத்தை என்று நினைத்து அதைப் பிடுங்கினார். ரத்தம் நிற்கவில்லை. பஞ்சை மாற்றி மாற்றி அழுத்தி ஒருவழியாக நிறுத்தியவர், உடனே பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். மின்சார ரயிலில் அவள் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டே வந்தாள்.

அங்கே வயிற்றின்மேல் ஈய அங்கி போர்த்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். தாடை எலும்பு தேனடை மாதிரி அரித்துக் கிடந்தது. டாக்டரம்மா வீக்கத்தில் ஊசி குத்தி உறிஞ்சினார். சீழ் வரவில்லை, ரத்தம்தான் வந்தது. சதைத் துணுக்கையும் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

"கேன்சர் இல்லை. எலும்புக்குள்ள ரத்தக் கட்டி. ரொம்ப வேகமா வளருது. விட்டா தாடை தானா உடைஞ்சிடும்," என்றார் அடுத்த முறை.

"பிரசவம் வரைக்கும் தள்ள முடியாதா டாக்டர்?"

"தள்ளலாம்னுதான் நினைச்சேன். இப்ப வாயையே திறக்க முடியல, பாருங்க. ஆபரேஷன்ல நிறைய ரத்தம் போகும். குழந்தைக்கு நான் உறுதி சொல்ல முடியாது."

அவள்தான் பல்லிடுக்கு வழியே பேசினாள். "முழுங்க முடியல டாக்டரம்மா. நான் துன்னாத்தானே அதுக்கும் சோறு. செஞ்சிடுங்க."

கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள். தொழிற்சாலை நண்பர்கள் வரிசையில் நின்று ரத்தம் கொடுத்தார்கள். அவள் பிழைத்தாள். சில நாளில் குழந்தையின் உயிர் வயிற்றிலேயே அடங்கிவிட்டது. ஆண் குழந்தை. தாடை அசையாமலிருக்கப் பற்களைக் கம்பியால் கட்டியிருந்ததால் அவளால் வாய்விட்டு அழக்கூட முடியவில்லை. மூக்கு வழியாக ஒரு சத்தம் மட்டும் வந்தது.

பொங்கலுக்குப் பிறகு அதே இடத்தில் மறுபடி வீங்கியது. இந்த முறை இடப்பக்கத் தாடையையே எடுத்துவிட்டு இடுப்பெலும்பில் ஒரு துண்டு வெட்டி அந்த இடத்தில் வைத்தார்கள். எலும்பு ஒட்டிக்கொண்டது. முகம் ஒருபக்கமாக இழுத்துப் போனது.

ஊரிலிருந்து வந்த அம்மா சமையலறை வாசலில் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "எய்யா, வேற பொண்ணு பாக்கட்டா?"

அன்று சாப்பிடும்போது மனைவி சொன்னாள்: "உங்கம்மா சொன்னது என் காதுல வுழுந்திச்சி மாமா. நீ கட்டிக்கினா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"சோறு ஆறுது. சாப்பிடு," என்றேன்.

அடுத்த நாளே அம்மாவை ரயிலேற்றிவிட்டேன்.

அதன்பின் பல வருடங்கள் செக்கப்புக்குப் போனோம். டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து முடிக்கும்வரை அவள் என் சட்டை நுனியை விடமாட்டாள். கட்டி திரும்பி வரவில்லை. எங்களுக்கு வேறு குழந்தையும் பிறக்கவில்லை.