எச்சில் எண்ணுகிறவன்

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், எனக்கொன்றும் குறைந்துவிடாது. நள்ளிரவு, நாய் ஊளை, மின்வெட்டு எதுவும் என்னிடம் இல்லை. காலை 10:40. வெளியே ஜப்பானின் அகிதா நகரத்துப் பனி. உள்ளே நான்கு படுக்கை போட்ட ஆஸ்பத்திரி அறை, முழு வெளிச்சம்.

என் பெயர் மினகாவா. பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்க வருகிறதா என்று பார்ப்பது என் வேலை. தொண்டைக் குமிழில் விரல் வைப்பேன். முப்பது நொடி எச்சில் விழுங்கச் சொல்வேன். குமிழ் ஏறி இறங்கினால் ஒன்று. மூன்று வந்தால் தேர்ச்சி, மதியம் கஞ்சி. வராவிட்டால் கஞ்சி நுரையீரலுக்குப் போய்விடும், அதனால் மூக்கில் குழாய். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தொண்டை. முகம் எதுவும் நினைவில் நிற்காது.

அன்று ஒகினோ தெய்ஸோ. வயது எண்பத்தொன்று, இரண்டாவது பக்கவாதம். ஏழு நாளாக வெறும் டிரிப்ஸ். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்.

"தம்பி... கஞ்சி," என்றார். "ஊமெபோஷி ஊறுகாய் போட்டு..."

"மூணு தடவை விழுங்குங்க ஐயா, தந்துடறேன்."

நர்ஸ் மிதோபெ அக்கா திரைச்சீலையை இழுத்துவிட்டார். "எச்சில் எண்ற பெரிய மனுஷன் வந்தாச்சு. சீக்கிரம் எண்ணு தம்பி, சமையல்கட்டுக்குப் பதினொண்ணுக்குள்ள சொல்லணும். இல்லேன்னா ரெண்டு மணிக்கு டாக்டர் குழாயோட வந்துடுவார்."

ஈரப் பஞ்சால் நாக்கை நனைத்தேன். விரலை வைத்தேன். கடிகாரத்தை அமுக்கினேன்.

நான்காவது நொடியில் ஒன்று. ஏழில் இரண்டு. பத்தில் மூன்று.

நிற்கவில்லை. முப்பது நொடியில் பத்து. எனக்கே பத்து வராது.

"பத்து, அக்கா!"

"அடேங்கப்பா. அப்ப கஞ்சி சொல்லிடறேன்." அவர் செருப்புச் சத்தம் வராந்தாவில் போனது.

விரலை எடுக்கப்போனேன். அடியில் இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

பெரியவர் தூங்கிவிட்டிருந்தார். வாய் திறந்திருந்தது. மாஸ்க்கில் ஆவி படிந்தது, கலைந்தது, படிந்தது...

விழுங்கும்போது மூச்சு நிற்கும். யாருக்கானாலும் நிற்கும்.

இவருக்கு நிற்கவில்லை.

ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் வைத்தேன். 10:44.

மூச்சு. ஹூ... ஹூ... சீராக. அதன்மேலேயே... கொடக்.

கொடக்.

ஒரே கழுத்து. இரண்டு தொண்டை.

பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. விரலை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கொடக்... நின்றது.

பிறகு காதுக்குழாய்க்குள் ஒரு குரல். பெண் குரல். தொண்டையில் தண்ணீர் தங்கியவர்களின் ஈரக் குரல்.

"இப்ப... எத்தனை, சார்?"

பெரியவரின் உதடு அசையவில்லை.

"பத்து," என்றேன். நோயாளி கேட்டால் சொல்லிவிடுவது வழக்கம்.

விரலடியில் எதுவும் இல்லை.

மறுபடி முப்பது நொடி பார்த்தேன். அவரை எழுப்பி, விழுங்கச் சொல்லி. ஒன்றுகூட இல்லை. படிவத்தில் 0 எழுதி முத்திரை குத்தினேன்.

"பத்துன்னியே?" மிதோபெ அக்கா முறைத்தார். "கஞ்சி வேணாம்னு சமையல்கட்டுக்கு யார் போய் சொல்றது? உங்கப்பனா?"

"தப்பா எண்ணிட்டேன், அக்கா."

"பத்து வரைக்கும் எண்ணத் தெரியாதவனுக்கெல்லாம் பட்டம் குடுத்திருக்கான்!"

இரண்டு மணிக்குக் குழாய் போட்டார்கள். பெரியவர் என்னைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து, விழுங்கச் சொல்லி எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். சோதனைக்குக் கொடுத்த ஒரு ஸ்பூன் மருந்து நீர் முழுவதும் மூச்சுக்குழாயில் இறங்கியது. ஓர் இருமல் இல்லை. பத்து என்று எழுதியிருந்தால் அந்தக் கஞ்சியிலேயே போயிருப்பார்.

"பாவம்," என்றார் மிதோபெ அக்கா. "இவர் பெண்டாட்டி போன ஜனவரியில இதே வார்டுலதான் போனாங்க. கினுஏ அம்மா. நீதானே தம்பி பார்த்தே?"

எனக்கு நினைவில்லை. பழைய கோப்பை எடுத்தேன்.

என் கையெழுத்து. என் முத்திரை. முப்பது நொடியில் 2. 'வாய்வழி எதுவும் கூடாது.'

அதன்பின் பத்தொன்பது நாள் நர்ஸ் குறிப்புகள். 'தண்ணீர் கேட்கிறார்.' 'தண்ணீர் கேட்கிறார்.' 'மூன்று வந்தால் கஞ்சி என்று சின்ன சார் சொன்னாராம். நாள் முழுக்க எச்சில் விழுங்கிப் பழகுகிறார்.'

கடைசிப் பக்கம். ஜனவரி 16. காலை 6:10, மூச்சு நின்றது. டாக்டர் உறுதி செய்தார். 6:25, இறந்தவருக்கு வைக்கும் கடைசி நீர். கணவர் ஈரப் பஞ்சால் உதட்டை நனைத்தார்.

அதன் கீழே, மிதோபெ அக்காவின் எழுத்தில் ஒரு வரி.

'6:26. தொண்டை அசைந்தது. மூன்று முறை.'