பிரிக்காத பொட்டலம்

மைசூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ச்மேன் இறந்து ஒரு மாதம் ஆனதும், அவர் மனைவி வாட்ச்மேன் அறையை எப்போது காலி செய்வார் என்று கேட்டு வரக் குடியிருப்புச் சங்கத்தார் என்னை அனுப்பினார்கள். எனக்குத் தமிழ் தெரியும் என்பதுதான் காரணம்.

ஒல்லியான பெண். கணவரின் காக்கிச் சட்டையைப் புடவைமேல் போட்டுக்கொண்டு வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார். அடிக்கடி இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அங்கே நூல் சுற்றிய சிறு காகிதப் பொட்டலம் ஒன்றைச் செருகியிருந்தார்.

நான் அதைப் பார்ப்பதைக் கண்டு அவரே சொன்னார். "மாதேஸ்வரன் மலைக்குப் போய்ப் பூக் கேட்டனுங்க. வெள்ளைப் பூ வந்தா கௌதள்ளிக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிரோணும். செவப்பு வந்தா மைசூர்லயே வேலை பாத்துக்கோணும். ரண்டையும் தனித்தனியா மடிச்சுச் சாமி முன்னால போட்டு, கண்ணை மூடி ஒண்ணை எடுத்துட்டு வந்தனுங்க."

"என்ன பூ வந்துச்சு?"

"இன்னும் பிரிக்கலீங்க. சாமி சொல்லிட்டாரு. கேக்கறதுக்குத்தான் எனக்குத் தெம்பு வரலை."

வந்த விஷயத்தைச் சொல்லாமல் நான் திரும்பியிருக்கலாம். சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் என்று நாளும் குறித்துக் கொடுத்தேன். "ஆகட்டுங்க" என்றார்.

ஞாயிறு காலை இரண்டு மூட்டைகளோடு ஆட்டோவில் ஏறினார். பொட்டலம் கையில் இருந்தது, நூல் அவிழவில்லை. எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"பஸ் ஸ்டாண்டுக்குங்க. இங்கிருந்து போறது நீங்க சொன்னதுக்குங்க. அங்கிருந்து எங்கேன்னு சாமி சொல்லுவாரு."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் இந்நேரம் அவரை மறந்திருப்பேன்.